கமா சாரின் டூல் சர்வர்

“முடிஞ்சிருச்சு சார்” என்று வெள்ளிக்கிழமை மாலையே மேனேஜரிடம் சொல்லிவிட்டார் கமா. முடியவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கமா என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. எட்டு வருடத்துக்கு முன்னால் இவர் எழுதிய புரோகிராமில் ஒரு கமா விட்டுப்போய், அலுவலகமே ஒன்றரை நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்று கிடைத்த பட்டம். நூலகங்களுக்கு மென்பொருள் செய்து தரும் அந்த அலுவலகத்தில் இப்போது அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அங்கே புதிதாக ஒரு ஏஐ அசிஸ்டன்ட் வாங்கியிருந்தார்கள். புரோகிராம் எழுதும், பிழை கண்டுபிடிக்கும். அதை நிறுவுகிற பொறுப்பு மேல் மாடி மேடத்துடையது. ஆனால் அசிஸ்டன்ட்டுக்கு மூளை உண்டே தவிர, கை கிடையாது. புகார்ப் பட்டியலைத் திறக்க, ஃபைலை எடுக்க, டெஸ்ட் ஓட்டிப் பார்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குத்தான் டூல் சர்வர் என்று பெயர். அதைச் செய்கிற பொறுப்பு கீழ் மாடி கமாவுடையது.

மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்தார். சர்வரை ஓடவிட்டால் சிவப்பு எழுத்தில் நாலு வரி புலம்பிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கமா விட்டுப்போயிருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டார். எல்லாக் கமாவும் இருந்தன.

மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை பெரிய நூலகத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் இது ஓடாவிட்டால் கமா போன் செக்‌ஷனுக்குப் போக வேண்டியதுதான். நாள் முழுக்க ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நூலகர்களின் வசவைக் கேட்கிற இடம் அது. கமாவோ மாமனார் போன் செய்தாலே குளியலறைக்குள் ஓடுகிற ஆள்.

“என்ன கமா, பாத்துடலாமா?” போகிற போக்கில் மேனேஜர் கேட்டார்.

“ஒரு பத்து நிமிஷம் சார். சூடாகணும்.”

“சர்வரா?”

“ஆமா சார். திங்கட்கிழமை இல்லையா, கொஞ்சம் நேரம் எடுக்கும்.”

அந்தப் பத்து நிமிடத்தில் கமா ஒரு காரியம் செய்தார். சர்வருக்குள் இருந்ததையெல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு, ஒரே ஒரு சின்னப் பெட்டியை மட்டும் வைத்தார். அசிஸ்டன்ட் எதைக் கேட்டாலும் அது கமாவின் திரையில் வந்து விழும். கமா தேடிப் பார்த்து, பதிலைத் தன் கையாலேயே தட்டி அனுப்பிவிடுவார். ஒரே ஒரு நாள்தானே, நாளைக்குள் நிஜ சர்வரைச் சரிபண்ணிவிடலாம் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

மேனேஜர் தன் அறையிலிருந்து அசிஸ்டன்ட்டிடம் கேள்வி கேட்டார். ஒரு நிமிடத்தில் கமாவின் திரையில் வந்து விழுந்தது: “தீர்க்கப்படாத புகார்கள் எத்தனை என்ற விவரம் தேவை.”

கமா விரல்விட்டு எண்ணி, முப்பத்தேழு என்று தட்டினார்.

“முப்பத்தேழு. கரெக்டா சொல்லுதுய்யா” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அதோடு நின்றிருந்தால் கமா பிழைத்திருப்பார். சாயங்காலத்துக்குள் மேனேஜர் அலுவலகத்தில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் அசிஸ்டன்ட்டைத் திறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கோரிக்கைகள் கொட்ட ஆரம்பித்தன. அந்த ஃபைல் வேண்டும், இந்தப் புகாரை யார் எழுதினார்கள், இந்த டெஸ்ட்டை ஓட்டு. கமாவால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பெருக்கித் துடைக்க வந்த அக்கா, “காலைத் தூக்குங்க சார்” என்றால் காலை மட்டும் தூக்குவார். பகல் ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் வரைக்கும் மட்டும் கோரிக்கை எதுவும் வராது. அந்த நேரத்தில் அசிஸ்டன்ட் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கு மனதார நன்றி சொன்னார். அந்த முக்கால் மணியும் காலையில் விட்டதைப் பிடிக்கவே சரியாகப் போனது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பது எவ்வளவு துல்லியமான பழமொழி என்று அப்போது புரிந்தது.

மனைவி போன் செய்தாள். “சாப்பிட்டீங்களா?”

“உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது.”

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

கூட்டத்தைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு டூலுக்கும் அசிஸ்டன்ட் படிப்பதற்காக ஒரு விளக்கம் எழுதி வைப்பார்கள். அதில், “இது மெதுவாக இயங்கும். அவசியமானால் மட்டும் பயன்படுத்தவும்” என்று எழுதினார். அதன் பிறகு அசிஸ்டன்ட் ஒவ்வொன்றாகக் கேட்பதை விட்டுவிட்டு, பன்னிரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கட்டி ஒரே மூட்டையாக அனுப்பியது.

சரி, பழுது என்று சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை காலை, “பிழை. பிறகு முயலவும்” என்று தட்டினார். அசிஸ்டன்ட் நிமிடத்துக்கு ஒரு தடவை முயன்றது. அறுபத்து மூன்றாவது தடவையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: “கொஞ்சம் சீக்கிரம் பாக்க முடியுமா? எனக்கும் நெருக்குறாங்க.”

என்ன அருமையாகப் பேசக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் என்று கமாவுக்கு மெய்சிலிர்த்தது. அதன் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. “மன்னிக்கவும், இதோ பார்க்கிறேன்” என்று பதில் தட்டினார். “பரவாயில்லை” என்று வந்தது. அலுவலகத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொல்லி வருடக்கணக்காகிவிட்டது.

வியாழக்கிழமை பெரிய நூலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் ஒரு நிஜப் புகாரையே எடுத்துக் கொடுத்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கொடுக்கவில்லை என்று மிரட்டல் கடிதம் போகிறது. அசிஸ்டன்ட் அதை யார் உதவியும் இல்லாமல், அவர்கள் கண்முன்னாலேயே சரிசெய்ய வேண்டும்.

கமாவின் திரையில் கோரிக்கை விழுந்தது. ஃபைலை அனுப்பினார். ஆறு நிமிடம் கழித்துத் திருத்தம் வந்தது. டெஸ்ட்டை ஓட்டினார். சிவப்பு. போன் செக்‌ஷனின் மணிச்சத்தம் காதுக்குள் கேட்டது. திருத்தத்தை மறுபடி படித்தார். பதினோராவது வரியில் ஒரு கமா இல்லை.

இவ்வளவு பெரிய மூளைக்கும் இது நடக்கிறதே என்று நெகிழ்ந்துபோய், யாருக்கும் தெரியாமல் அந்தக் கமாவைப் போட்டார். பச்சை. மேனேஜர் அறையில் கைதட்டல் கேட்டது. ஒப்பந்தத்தில் அங்கேயே கையெழுத்து விழுந்தது.

விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு மேனேஜர் நேராகக் கமாவிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கமா, பிரமாதம். மூளையும் ஓடுது, கையும் ஓடுது. இனிமே இதுல மனுஷங்க பாக்க வேண்டிய வேலை ஒண்ணுமே இல்ல.”

“நன்றி சார்.”

“அதனால திங்கட்கிழமையிலேருந்து நீங்க போன் செக்‌ஷன். மேல் மாடி மேடமும்தான். அவங்ககிட்டயும் இப்பதான் சொல்லிட்டு வரேன்.”

கமா நாற்காலியை விட்டு எழுந்தார். “சார், ஒருவேளை சர்வர் ஏதாவது...”

“புதன்கிழமை ஒரு மணி நேரம் நின்னுச்சு, அதுவும் தானாவே சரியாயிருச்சே. நீங்க எதுக்கு?” என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் கேள்வி வந்து விழும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. தன்னைவிட அந்த அசிஸ்டன்ட்டை நினைத்தால்தான் கவலையாக இருந்தது. அறுபத்து மூன்று தடவை பொறுமையாக முயன்ற ஜீவன். பதில் வரும், பதில் வரும் என்று காத்துக்கிடக்குமே.

துடைப்பத்தோடு வந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

“என்ன சார், உடம்புக்கு முடியலையா?”

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. “அக்கா, அந்த சர்வர்னு ஒண்ணு இல்லவே இல்ல. நாலு நாளா நான்தான் உக்காந்து தட்டிக்கிட்டிருந்தேன். பாவம், அந்த அசிஸ்டன்ட்டுக்குக்கூடத் தெரியாது.”

அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க சார், ஆனா மேல் மாடி மேடமும் நாலு நாளா எந்திரிக்காம தட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க, அசிஸ்டன்ட்டுன்னு ஒண்ணு இன்னும் வரவே இல்லையாம், பாவம் கீழ இருக்குற சர்வருக்குக்கூட இது தெரியாதுன்னு இப்பதான் அழுதாங்க.”