ஆறித் தொலைத்த புண்

கட்டின் கடைசிச் சுற்றைப் பிரித்து, துணியை மெல்லத் தூக்கிப் பார்த்த நர்சிங் மாணவி சோப்புக்குத் தலையில் இடி விழுந்தது. புண் ஆறியிருந்தது.

சும்மா ஆறவில்லை. விளிம்போடு விளிம்பு சேர்ந்து, இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் மூடி, பாடப்புத்தகப் படத்தைப் போல ஆறித் தொலைத்திருந்தது.

"ஐயோ!" என்றாள்.

"என்ன பாப்பா, சீழ் கீழ் வச்சிருக்கா?" என்றார் ஒன்பதாம் கட்டிலில் படுத்திருந்த டெய்லர் மாஸ்டர்.

"வச்சிருந்தாத்தான் தேவலையே! ஆறிடுச்சு மாஸ்டர்!"

"அதுக்கா அழறே?"

அழாமல் என்ன செய்வாள்? இன்று பத்து மணிக்கு அவளுக்கு நர்சிங் செய்முறைப் பரீட்சை. மாஸ்டரின் காலில் இஸ்திரிப்பெட்டி விழுந்து உண்டான புண்ணைத்தான் தன் கேஸாகப் பதிந்து வைத்திருந்தாள். போன தடவை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் சட்டைக்கை சுத்தத் தட்டில் பட்டதால் ஃபெயில். அன்றிலிருந்து குழாயைக் கண்டால் கை கழுவுவாள், சோப்பு என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். இன்றைக்கும் போனால் இன்னும் ஆறு மாதம் ஜூனியர் பெண்களோடு உட்கார வேண்டும்.

படிப்பு விடுமுறை என்று பத்து நாள் அவள் வார்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நாள் தவறாமல் கட்டு மாற்றியது அவள்தான். அவ்வளவு சுத்தமாகக் கட்டினால் புண் ஆறாமல் என்ன செய்யும்? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"பரீட்சைக்குக் கால்தானே வேணும்? இதோ இருக்கே" என்றார் மாஸ்டர், கால் விரல்களை ஆட்டிக் காட்டி.

"கால் இல்ல மாஸ்டர், புண் வேணும்."

மாஸ்டர் யோசித்தார். "லேசாச் சொறிஞ்சு விடட்டுமா? ரெண்டு நிமிஷம்கூட ஆகாது."

"கையை எடுங்க! முதல்ல போய்க் கழுவிட்டு வாங்க!"

சோப்பு பத்தாம் கட்டிலுக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் ஒரு லாரி டிரைவர்.

"அண்ணே, உங்களுக்குப் புண் ஏதாவது இருக்கா?"

"வயித்துல தையல் இருக்கு. ஆனா உன் சிநேகிதி ஒருத்தி நேத்தே வந்து சொல்லி வச்சுட்டாளேம்மா" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பதினோராம் கட்டில்காரருக்கு இருமல் மட்டும்தான். "வேணும்னா நல்லாவே இருமிக் காட்டறேன்" என்று சொல்லி, அவள் முகத்துக்கு நேராகவே காட்டினார். மாஸ்க்கை மாற்றி, முழங்கை வரை கழுவிவிட்டு வருவதற்குள் மணி ஒன்பது ஐம்பது.

வேறு வழியில்லை. மறுபடி மூடிக் கட்டினாள். அவள் பிரித்துப் போட்ட கட்டின் முனையில் யாரோ பொடித்தையல் போட்டு முடித்திருந்தார்கள். விடுமுறையில் வந்த புது நர்ஸ் பெரிய கைகாரி போலிருக்கிறது என்று கொஞ்சம் பொறாமைப்பட்டாள். தான் இப்போது போட்ட கட்டு அந்த அளவுக்கு வரவில்லை.

"மாஸ்டர், மேடம் பிரிக்கச் சொன்னா லேசா முனகுங்க. பாவம்னு விட்டுடுவாங்க."

"லேசா என்ன, ஜமாய்ச்சுடறேன்!"

வெளியூரிலிருந்து வந்த பரீட்சை மேடம் ஒல்லியான அம்மாள். சிரிக்காத முகம். "கை கழுவு" என்றார். சோப்பு கழுவிய கழுவலில், "போதும் போதும், தோல் உரிஞ்சுடப் போகுது" என்று அவரே நிறுத்த வேண்டியதாயிற்று. நல்ல சகுனம் என்று நினைத்தாள்.

"சரி, கட்டைப் பிரி."

"ஐயோ அம்மா!" என்று அலறினார் மாஸ்டர்.

"அவ இன்னும் தொடவே இல்லையே?"

"தொடப் போறாங்கன்னு தெரியுதே மேடம்!" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஆரம்பித்தார்.

மேடத்தின் முகம் மாறியது. "மூச்சை எண்ணு."

சோப்பு கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினாள். "முப்பத்தாறு மேடம்."

"முப்பத்தாறா! பார்த்துக்கிட்டே நிக்கறே?"

கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தது. ஆக்சிஜன் மாஸ்க் மாஸ்டரின் மூக்கில் உட்கார்ந்தது. குரல் வெளியே கேட்காததால் அவர் கண்ணாலேயே முனகினார். விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றொன்பது காட்டியது.

"ரத்தத்துல ஆக்சிஜன் தொண்ணூத்தொம்பது இருக்கற ஆளுக்கு என்ன இவ்வளவு மூச்சு வாங்கல்?" மேடம் மாஸ்க்கைக் கழற்றினார். "புதுசா ஒரு பந்துக் கருவி எடுத்துட்டு வா."

உள்ளே மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் பிளாஸ்டிக் கருவி அது. விளையாட்டுச் சாமானைக் கண்டதும் மாஸ்டருக்கு வேஷம் மறந்துபோயிற்று. ஒரே இழுப்பு. மூன்று பந்தும் உச்சியில் போய் நின்றன, இறங்கவே இல்லை.

"எப்படி மேடம்? இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தட்டுமா?" என்றார் பெருமையாக.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாப்பா, என்ன நாடகம் இது?"

பொய்க்கு மேல் பொய் சொல்ல இனிச் சோப்புக்குத் தெம்பு இல்லை.

"புண் ஆறிடுச்சு மேடம். காலையிலேயே பார்த்துட்டேன். பரீட்சை போயிடுமேன்னு நான்தான் நடிக்கச் சொன்னேன். அவர் மேல தப்பில்ல."

"என் தப்புதான் மேடம், கொஞ்சம் ஓவராப் பண்ணிட்டேன்" என்றார் மாஸ்டர்.

மேடம் தானே கையுறை போட்டுக் கட்டைப் பிரித்தார். குனிந்து பார்த்தார். சுற்றிலும் தொட்டுச் சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"இதுக்குக் கட்டுப் போட்டது யாரு?"

"முதல் ரெண்டு வாரம் நான்தான் மேடம்."

"ஒட்டிக்கிட்ட துணியை எப்படி எடுத்தே?"

"பிய்ச்சு எடுக்கல மேடம். உப்புத்தண்ணியில நனைச்சு, ஊறவிட்டு எடுத்தேன். இல்லன்னா புதுத்தோலும் கூடவே வந்துடும். நடுவுலேருந்து வெளியே துடைச்சேன், ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. அவரை நல்லாச் சாப்பிடச் சொன்னேன், உடம்புல சத்து இல்லன்னா தோல் வளராது..." பரீட்சை என்பதே மறந்து சொல்லிக்கொண்டே போனாள்.

"எல்லாப் பொண்ணுங்களும் ஆறாத புண்ணைக் காட்டி மார்க் கேக்கறாங்க. நீ ஆறின புண்ணை மறைக்கறே!" மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். "நாடகத்துக்கு அஞ்சு மார்க் குறைச்சிருக்கேன். பாஸ்தான், போ."

சோப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. கையுறையோடு இருந்த மேடத்தின் கையைப் பிடிக்கப் போய், சட்டென்று பின்வாங்கினாள். மாஸ்டர் படுத்தபடியே கை தட்டினார்.

"ஆறின ஆளை எதுக்குப் படுக்க வச்சிருக்கீங்க? இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க. கேஸ் ஷீட் எங்கே?"

கட்டில் கம்பியில் ஷீட் இல்லை. மேசையிலும் இல்லை. சோப்பு திருதிருவென்று விழித்தாள். மாஸ்டர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

அப்போது வார்டு வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். மாஸ்டரின் மனைவி.

"கொஞ்சம் அவரை எழுப்பி அனுப்புங்கம்மா! நாலு நாளைக்கு முன்னாடியே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மனுஷன், இன்னிக்குப் பாப்பாவுக்குப் பரீட்சை, நான் இல்லாம நடக்காதுன்னு, தானே கட்டுப் போட்டுக்கிட்டு, கடையைப் பூட்டிட்டு ஓடி வந்துட்டாரு!"