மாடி வீட்டுத் தூய்மை மேம்பாட்டுக் குழு

சுத்தம் என்றால் என்ன என்று உலகத்துக்குத் தெரியாமல் இருந்த ஒரு காலம் உண்டு. அந்த இருண்ட காலம் சென்ற திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு, திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் முடிவுக்கு வந்தது. அதுவரை மனித குலம் குப்பையைக் கண்டால் கூட்டியது, பாத்திரத்தைக் கண்டால் கழுவியது. எவ்வளவு காட்டுமிராண்டித்தனம். குப்பையைக் கண்டால் முதலில் கூட்ட வேண்டியது கூட்டம்தான் என்று கண்டுபிடித்த பெருமை முகேஷ்குமாரையே சேரும்.

முகேஷ்குமார் எம்.காம். இரண்டாம் ஆண்டு படிப்பவர். சொந்த ஊர் அய்யலூர். அப்பா சின்னக்கண்ணு ஆட்டு வியாபாரி. சந்தைக்குப் போக வேண்டிய நாற்பது ஆடுகள் எப்போதும் வீட்டுக்குப் பின்னால் பட்டியில் நிற்கும். ஆடு என்பது முன்பக்கம் தின்றுகொண்டே பின்பக்கம் புழுக்கை போடும் சுறுசுறுப்பான பிராணி. பள்ளிக்கூடக் காலம் முழுவதும் விடிகாலையில் எழுந்து அந்தப் பட்டியைக் கூட்டியவர் நம் முகேஷ்குமார். இனிமேல் செத்தாலும் விளக்குமாற்றைத் தொடுவதில்லை என்று கருப்பசாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். உயர்கல்விக்கு இதைவிட உயர்ந்த காரணம் ஒருவருக்கு இருக்க முடியாது.

வந்த இடத்தில் முதல் வீட்டை எறும்புகளுக்கும் இரண்டாவது வீட்டைப் பெருச்சாளிகளுக்கும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். இது மூன்றாவது வீடு. கூட இருப்பவர்கள் மூன்று பேர். வீட்டுக்காரர் ரோசலின் டீச்சர், ஆரம்பப் பள்ளியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தார். தொட்டிக்குப் போகிற வழியில் சமையல்கட்டு இருந்தது. அதைப் பார்த்தவர் தொட்டியைப் பார்க்கவில்லை.

"ஏப்பா, இது வீடா?" என்றார்.

"வீடுதான் டீச்சர்" என்று ஒருவர் விவரம் தந்தார்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சுட்டு வாரேன். வீடு வீடா இருக்கணும். இல்லைன்னா திங்கக்கிழமை சாவியக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

அரை மணி நேரத்தில் அய்யலூரிலிருந்து போன் வந்தது. டீச்சர் பழைய பழக்கத்தில் பெற்றோருக்குத் தகவல் சொல்லியிருந்தார்.

"ஏலே, இது மூணாவது வீடு" என்றார் சின்னக்கண்ணு. "இதையும் விட்டுட்டு வந்தேன்னு வையி, நாலாவது வீடு நம்ம வீடுதான். காலையில பட்டியக் கூட்டிட்டு ஏழு மணி வண்டியப் புடிச்சுக் காலேசுக்குப் போ. நானும் எத்தன நாளைக்கு ஒத்த ஆளாக் குனியுறது?"

முகேஷ்குமாரின் மூக்கில் பட்டி வாசம் ஏறியது. மாலை ஆறரைக்கு அவசரக் கூட்டம் அறிவித்தார்.

கூட்டத்துக்கு வந்தவர்களை வரலாறு அறிந்துகொள்ள வேண்டும். கிதர் முகம்மது இரண்டு வருடமாக குரூப்-2 தேர்வுக்குப் படிப்பவர். எந்தக் கேள்வி கேட்டாலும் விதி எண் சொல்வார். பிராங்கிளின் பொறியியல் மாணவர். அவர் கைக்கும் செல்போனுக்கும் இடையே காற்று போனதில்லை. மூன்றாமவர் நல்லுசாமி, ரெட்டியார்சத்திரம் பக்கம் காய்கறித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கொஞ்சம் பின்தங்கியவர். கூட்டம் தொடங்கும்போதே எழுந்து போய், ஊரிலிருந்து தான் கொண்டுவந்த தென்னை விளக்குமாற்றை எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஏலே, எங்க போற?" என்றார் முகேஷ்குமார்.

"இந்தா, செத்த நேரம். கூட்டிட்டு வந்துர்றேன்."

"கூட்டுறது அஜெண்டாவுல ஏழாவதா இருக்கு. நாம இப்ப ஒண்ணாவதுல நிக்கிறோம்."

"ஒண்ணாவது என்ன?"

"லெட்டர்பேடு."

நல்லுசாமி உட்கார்ந்தார். 'மாடி வீட்டுத் தூய்மை மேம்பாட்டுக் குழு' உதயமானது. தலைவர் முகேஷ்குமார், செயலாளர் கிதர் முகம்மது, தொழில்நுட்ப ஆலோசகர் பிராங்கிளின். பதவிகள் தீர்ந்துபோனதால் நல்லுசாமி பொதுமக்களாக நியமிக்கப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை பணிப் பட்டியல் தயாராகிச் சுவரில் ஒட்டப்பட்டது. ஏழு நாளும் நாலு வண்ணத்தில் ஜொலித்தன. 'தலைவருக்கு நிர்வாகச் சுமை கருதிப் பணி விலக்கு' என்று அடியில் ஒரு வரி. அதன் கீழ் தலைவரே கையெழுத்துப் போட்டிருந்தார். ஒட்டிய மைதாப் பசை சுவரில் வழிந்து தரையில் உறைந்தது. அதைத் துடைப்பது யார் என்பது புதன்கிழமைக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பிராங்கிளின் கழிப்பறைக் கதவில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டினார். அதை ஸ்கேன் செய்தால் இன்றைக்குக் கழுவ வேண்டியவர் யார் என்று வரும். முகேஷ்குமார் ஸ்கேன் செய்தார். பிராங்கிளின் என்று வந்தது. உடனே அந்தச் சேவை 'பராமரிப்புக்காக' நிறுத்திவைக்கப்பட்டது.

அடுத்து அந்த குண்டாவின் விவகாரம். பதினோரு நாளைக்கு முன்னால் குஸ்கா செய்து அடிப்பிடித்துப்போன அலுமினிய குண்டா அது. அடுப்படியில் கரியும் பூஞ்சையுமாக உட்கார்ந்திருந்தது. தின்றது நாலு பேரும்தான். சமைத்தது யார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

"யாரு வச்சா என்னப்பா, நான் தேச்சுர்றேன்" என்றார் பொதுமக்கள்.

"தேச்சுட்டா யாரு வச்சாங்கன்னு எப்படி மாப்ள தெரியும்?" என்றார் கிதர் முகம்மது.

அந்தக் கேள்வியின் ஆழத்தில் முகேஷ்குமார் ஒரு நிமிடம் சொக்கிப்போனார். குற்றவாளியைக் கண்டுபிடிக்காமல் குற்றத்தைக் கழுவுவது எந்த ஊர் நியாயம்? விசாரணைக்கு உத்தரவிட்டார். குண்டாவின் காதில் நூல் கட்டி அட்டை தொங்கவிடப்பட்டது. 'சான்றுப் பொருள் 1. விசாரணை முடியும் வரை யாரும் தொடக் கூடாது.'

நல்ல திட்டம் நிற்காது, பரவும். கட்டிலுக்கடியில் கிடந்த ஒற்றைச் சாக்ஸ் சான்று 2. ஜன்னலில் இருந்த வாழைப்பழத் தோல் சான்று 5. பாதி டீயோடு இருந்த டம்ளரில் ஏதோ முளைத்திருந்ததால் அதற்கு 19, 19-அ என்று இரண்டு எண் கொடுத்தார்கள். கூட்டத்துக்கு வரவழைத்த டீயின் காகிதக் கப்புகளும் வடை மடித்த பேப்பரும் அன்றன்றே சான்றாகப் பதிவாயின. வியாழக்கிழமைக்குள் நாற்பத்தாறு. வீட்டில் கால் வைக்க இடமில்லை, ஆனால் வைக்கக் கூடாத இடம் ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது. பழைய எறும்புகள் முகவரி விசாரித்து வந்து சேர்ந்தன.

அன்று மாலைதான் அந்தக் கொடூரம் நடந்தது. தாகம் எடுத்த நல்லுசாமி, சான்று 19-ஐ எடுத்துக் கழுவி, தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டார்.

"சான்ற அழிச்சிருக்க" என்றார் கிதர் முகம்மது.

"அழிக்கல. கழுவுனேன்."

"அதத்தான் மாப்ள அழிக்கிறதுங்கிறது."

"19-அ எங்க?" என்றார் பிராங்கிளின்.

"சாக்கடையில போயிருச்சு."

மூவரும் தனி அறைக்குப் போய் ஆலோசித்தார்கள். தீர்ப்பை முகேஷ்குமாரே எழுதினார். நல்லுசாமி பதினைந்து நாளுக்குத் தூய்மைப் பணியிலிருந்து இடைநீக்கம். இடைநீக்கத்தில் இருப்பவர் வீட்டுச் சுத்தம் பற்றி வாய் திறக்கக் கூடாது, விதி ஒன்பது. அவருடைய விளக்குமாறு குற்றக் கருவி என்பதால், சான்று 47 என்று எழுதிப் பரணில் கட்டப்பட்டது.

நல்லுசாமி தீர்ப்பை நிதானமாக வாசித்தார். "சரிப்பா. ஒரு டம்ளர் தண்ணிக்கு இம்புட்டு எழுத்துன்னா, நான் மொட்டமாடிக் கொழாயில வாய வச்சுக் குடிச்சுக்கிறேன்" என்று போய்விட்டார். அப்படியே குடிக்கவும் செய்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த முகேஷ்குமாருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் குறிப்பில் ஏற்ற இடம் இல்லாததால் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை முன்னேற்ற அறிக்கை தயாரானது. காகிதத்தில் வீடு தொண்ணூற்றெட்டு சதவீதம் சுத்தம். மீதி இரண்டு சதவீதம் சோப்பு. அது கொள்முதல் துணைக்குழுவின் பரிசீலனையில் இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் அப்பா அழைத்தார்.

"ஏலே, புதுசா ரெண்டு கெடா புடிச்சிருக்கேன். ரொம்பப் போடுதுக. நாளைக்கு வாரதானே?"

முகேஷ்குமார் போனை வைத்தார். அறிக்கையைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். மறுபடி அறிக்கையைப் பார்த்தார். செயலாளரும் ஆலோசகரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பரணில் ஏறினார், நூலை அறுத்தார், விளக்குமாற்றை எடுத்தார். கருப்பசாமியிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குனிந்தார்.

நாற்பது ஆட்டுப் பட்டியைக் கூட்டி வளர்ந்த கைக்கு மூன்று அறை எம்மாத்திரம்? மூலையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து படிக்கு, சாக்ஸும் தோலும் கப்பும் அட்டையும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு ஓடின. பசையைக் கரண்டியால் சுரண்டினார். கழிப்பறையைக் கழுவினார். வியர்வை வழிய வழிய அவருக்குள் ஒரு குஷி கிளம்பியது. தரை என்று ஒன்று இருக்கிறது, அது சிவப்பு நிறம் என்று கண்டுபிடித்தபோது சிரிப்பே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆறு நாள் கூட்டத்தில் கிடைக்காத சந்தோஷம் அது.

கடைசியில் குண்டா. சோப்பு இல்லை. பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து ஒரு கை மணல் அள்ளிவந்து, புளியும் தேங்காய் நாரும் சேர்த்து உட்கார்ந்து தேய்த்தார். தலை நிமிர்ந்தபோது வாசலில் நல்லுசாமி நின்றிருந்தார்.

"தண்ணி ஊத்தவா?" என்றார். "நான் வேற இடைநீக்கத்துல இருக்கேன்."

முகேஷ்குமார் யோசித்தார். "தண்ணி ஊத்துறது தூய்மையில வராது. அது நீர்வளம். வேற துறை."

நல்லுசாமி ஊற்றினார், இவர் தேய்த்தார். குண்டாவில் முகம் தெரிந்தது.

"மாப்ள, அந்த டம்ளர் விசயத்துல நான் பண்ணது தப்பு" என்றார் முகேஷ்குமார்.

"விடு அப்பு. எழுதிக் குடுக்காம வாயால சொன்ன பாரு, அதுவே போதும்."

எட்டரைக்கு எழுந்து வந்த செயலாளரும் ஆலோசகரும் அலறிப்போனார்கள். நாற்பத்தேழு சான்றில் ஒன்றுகூட இல்லை. "யாரு பண்ணா?" என்று கிதர் முகம்மது கேட்டு முடிப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரோசலின் டீச்சர், தலையில் போட்ட முந்தானை இறங்காமல், பூசையிலிருந்து நேரே வந்திருந்தார்.

அறை அறையாகப் போனார். ஜன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். கழிப்பறையை எட்டிப் பார்த்தார். குண்டாவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். முகேஷ்குமாருக்கு நெஞ்சு பூரித்தது. பட்டி, கிடா, ஏழு மணி வண்டி எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப் போயின.

"வீடு நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். "ஆனா ஒரு நாள் கூத்துக்கு ஆள் வச்சுக்கூடப் பண்ணிருப்பீங்க. சுத்தங்கிறது பழக்கம். அது ஆள்கிட்டத் தெரிஞ்சுரும். எல்லாரும் கைய நீட்டுங்க."

முப்பத்தாறு வருடம் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளின் நகம் பார்த்தவர். எம்.காம். ஆனால் என்ன, குரூப்-2 ஆனால் என்ன, நாலு பேரும் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள்.

ஆறு நாளாகப் பேனாவைத் தவிர எதையும் தொடாத கிதர் முகம்மதின் கை பளிச்சென்று இருந்தது. பிராங்கிளினின் விரல்கள் செல்போன் தேய்த்துத் தேய்த்தே மெருகேறியிருந்தன. நல்லுசாமியின் கையும் இடைநீக்கத்தால் அப்பழுக்கில்லாமல் இருந்தது. முகேஷ்குமாரின் பத்து நகத்திலும் குஸ்காக் கரி. உள்ளங்கையில் பசையும் ஒட்டடையும். சோப்பு இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது.

டீச்சர் முகம் சுளித்தார். "இது என்னப்பா கை?"

"நான்தான் டீச்சர் எல்லாத்தையும் கழுவுனேன்."

டீச்சர் சுவரைப் பார்த்தார். பணிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தார். ஞாயிறு, பிராங்கிளின். அடியில் அந்தக் கடைசி வரி. "ஒனக்கு வேலையே இல்லைன்னு போட்டிருக்கே. இது ஒன் கையெழுத்துதானே?"

"என்னோடதுதான் டீச்சர்."

"டீச்சர், முகேசுதான்..." என்று நல்லுசாமி தொடங்கினார்.

"விதி ஒன்பது" என்று கிதர் முகம்மது அவர் காதோரம் நினைவூட்டினார்.

"நீ சொல்ல வேணாம்ப்பா. யாருன்னு அவன் நகமே சொல்லுது" என்றார் டீச்சர். "இம்புட்டு அழுக்கான பையன உள்ள வச்சுக்கிட்டு இந்தப் பிள்ளைக என்ன பாடுபட்டுச்சோ. தம்பி, நீ நாளைக்குக் கெளம்பிரு. ஒங்க அப்பாவுக்கு நான் போன் பண்ணிக்கிறேன்."

பிறகு மற்ற மூவரின் கைகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, மனம் நிறைந்து சொன்னார்.

"இந்தக் கையெல்லாம் பாத்தாலே தெரியுதே, வீட்ட யாரு சுத்தமா வச்சிருக்காங்கன்னு."