மூன்று விரதங்களும் ஒரு விருந்தும்

ஒரு விஷயத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவனை நம்பி அந்த விஷயத்தை மட்டும் ஒப்படைத்துவிடக் கூடாது. நான் பட்டம் வாங்கியது சமய ஒப்பீட்டில்.

சில வருடங்களுக்கு முன், திருச்சியில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், சர்வசமய உரையாடல் நடத்தப் போவதாக அறிவித்தேன். கொடிக்கம்பம், ஃபிளக்ஸ், ஊர்வலம் என்று அப்போது ஊரில் வாரம் ஒரு மதச் சண்டை. (நான் பேசினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். வயது அப்படி.) உடனே வாட்ஸப்பில் 'மதமாற்றக் கூட்டம்' என்று செய்தி பரவியது. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நடத்துங்க சார். ஆனா தகராறுன்னு ஒரு வீடியோ வெளிய வந்துச்சுன்னா, வேலை நிரந்தரமாகும்கிறத மறந்துடுங்க."

சேர்ந்து சாப்பிட்டவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்பது என் ஆய்வேட்டின் முடிவு. ஆகவே விருந்தோடு கூட்டம் என்று தீர்மானித்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பிரபந்தம் கற்ற சுவாமி ஒருவர், பள்ளிவாசல் ஹஜ்ரத், பங்குத்தந்தை ஒருவர் என மூவரையும் அழைத்தேன். ஹால் காலியாக இருந்த சனிக்கிழமையைப் பிடித்தேன். சுவாமியின் ஆசாரம் கெடாமலிருக்க ஸ்ரீரங்கத்துச் சமையல்காரரையே அமர்த்தினேன்.

"அன்னிக்கா சார்?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். ரேட்டை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்துக் கண்டுகொள்ளாமல், பாயசத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அன்றைக்குக் கடைசி வரிசையில் நாலைந்து இளைஞர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தலைவன் கார்த்தி, லால்குடிக்காரன். இந்து தர்மத்தைக் காப்பாற்ற வந்திருப்பதாக வாசலிலேயே சொல்லியிருந்தான். இருந்தும் 'மூன்று சமயங்களில் நோன்பு' என்ற கட்டுரையை முக்கால் மணி நேரம் வாசித்தேன். மேடையில் மூவரும் கண்களை மூடிக் கேட்டார்கள். உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். (பசி மயக்கம்.)

பந்திக்கு அழைத்தேன். மூவரும் எழவில்லை.

"க்ஷமிக்கணும். இன்னிக்கு ஏகாதசி, அடியேன் உபவாசம்" என்றார் சுவாமி.

"நமக்கு ரமலான் நோன்பு தம்பி" என்றார் ஹஜ்ரத்.

ஃபாதர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "தவக்காலங்க. ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"சாப்பாடு இவா ரெண்டு பேருக்கும்னு நெனச்சேன்" என்றார் சுவாமி.

"நான் உங்க ரெண்டு பேருக்கும்னுல்ல நெனச்சேன்!" என்றார் ஹஜ்ரத்.

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உரையாடல் அப்போதுதான் தொடங்கியது. தலைப்பு நான். எனக்கு மானம் போயிற்று.

சமைத்தது வீணாகக் கூடாதே என்று வந்தவர்களையெல்லாம் உட்காரச் சொன்னேன். முதல் பந்தியில் முதல் இலை கார்த்தி. மண்ணச்சநல்லூர் அரிசிச் சோற்றைக் குவித்து, நடுவில் பள்ளம் பறித்து, சாம்பாரை வாங்கி ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் சாப்பிடும் அழகை எதிர் இலை நண்பன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். விடைபெற்றுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த சுவாமி நின்றார்.

"நன்னா சாப்பிடுங்கோ கொழந்தே. ஏகாதசி அடுத்த பக்ஷமும் வரும்."

அவர் குரலில் கேலியே இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. கார்த்தியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. எதிரே செல்போனைப் பார்த்தான்.

"டேய், எல்லாத்தையும் அழிடா! காலையிலேருந்து எடுத்தது எல்லாத்தையும்!"

பிறகு பாயசத்தைக் குடித்துவிட்டுப் போனான். எந்த வீடியோவும் வெளியே வரவில்லை. என் வேலை நிரந்தரமானது.

அன்று வீட்டுக்கு வந்து மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரைப் பார்த்தேன். ஏகாதசியும் ரம்ஜான் மாதமும் அதே தாளில் அச்சாகியிருந்தன. என் மனைவி அந்தத் தாளைக் கிழித்து, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் டாக்டர் பட்டத்தின் கண்ணாடி மேல் ஒட்டினாள். இன்னும் அங்கேயே இருக்கிறது. இப்போது தினமும் காலையில் காலண்டரைக் கிழிப்பது என் மகள்.

"அப்பா, இன்னிக்கு யாருக்கும் விரதம் இல்ல. நீங்க தாராளமா மத நல்லிணக்கம் பண்ணலாம்."