விடை பெறு

"டேய், என் கேள்வியைக் காணோம்டா!"

கணினி முன் உட்கார்ந்திருந்த பெரியவர் கத்தினார். பின்னால் நின்ற மகன் பதறவில்லை. ஆசிரியர்கள் இணையத்தில் வினாடி வினா தயாரிக்க ஒரு தளத்தை வடிவமைத்திருந்தான். வெள்ளைத் திரை, நான்கே பட்டன்கள். மாலையில் ஒரு பள்ளி முதல்வர் காணொளியில் வந்து பார்த்துச் சரி என்றால், சொந்தமாகத் தொழில் தொடங்கிய அவனுக்கு அதுதான் முதல் வேலை.

"எதை அமுக்கினீங்கப்பா?"

"விடை பெறு. கேள்வி எழுதினேன். விடையைப் பெறலாம்னு அமுக்கினேன்."

"அது கிளம்புறதுக்கான பட்டன்! அமுக்கினா எழுதினது அழிஞ்சிடும். விடைபெறுறதுன்னா கிளம்புறதுதானே? தமிழாசிரியர் நீங்களே இப்படிக் கேட்டா?"

"சேர்த்து எழுதினாத்தான் கிளம்புறது. நீ பிரிச்சுல்ல எழுதியிருக்கே!"

மூன்று தலைமுறையாகத் தமிழாசிரியர்கள் வாழ்ந்த வீடு அது. ஓர் இடைவெளிக்காகத் தலைகுனிந்து அங்கே யாருக்கும் பழக்கமில்லை. மகன் வாதாடாமல் 'வெளியேறு' என்று மாற்றினான்.

அடுத்து தன் மனைவியை உட்கார வைத்தான். திரையைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"யாரை வெளியேறச் சொல்றீங்க?"

"உன்னை இல்லம்மா, பொதுவா..."

"உங்கம்மாகூட என்னை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்ல."

"வந்தவங்களை வெளியேறுன்னு சொல்ற குடும்பமாடா இது?" என்று பெரியவர் மருமகள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

'போய் வருகிறேன்' என்று மாற்றினான். பெரியவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாதிக் கேள்வியில் அதை அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் திரை காலி.

"போய் வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? இதோ வந்துட்டேன். கேள்வி எங்கே?"

முதல்வர் வரும் நேரம் நெருங்கிவிட்டது. மகன் அந்தப் பட்டனையே தூக்கிவிட்டான். திரை இன்னும் சுத்தமாகத் தெரிந்தது.

முதல்வர் காணொளியில் வந்தார். அவர் அருகில் இருந்த ஆசிரியை தங்கள் கணினியில் தளத்தைத் திறந்து ஒரு கேள்வியைத் தட்டிப் பார்த்தார்.

"பளிச்சுன்னு இருக்கே! சரி, வெளியே போறது எப்படி?" என்றார் முதல்வர்.

மனைவி கண்களை மூடிக்கொண்டாள். மகன் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு திரைக்கு முன் வந்தார்.

"போக முடியாதும்மா. எல்லாக் கேள்வியும் எழுதி வெளியிட்டாத்தான் தளம் விடும். எடுத்த வேலையைப் பாதியில விட்டு எழுந்திருக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

முதல்வர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"இதைத்தான் சார் தேடிட்டிருந்தேன்! எங்க ஆளுங்க பாதியிலயே எழுந்து போயிடறாங்க. உங்க தளத்தையே எடுத்துக்கறோம். இருங்க, தாளாளர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

அவர் அறையை விட்டுப் போனதும் ஆசிரியை கேமராவை நோக்கிக் குனிந்தார்.

"தம்பி, மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எந்தத் தளமா இருந்தாலும், நாங்க திரை மூலையில இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கித்தான் கிளம்புவோம்."