காரணம்: விமானி

மேலதிகாரியைத் தினமும் திட்டுகிறவன் கையில் ஒரே ஒரு நாள் அதிகாரத்தைக் கொடுத்துப் பார்த்தால், அந்த மேலதிகாரியே தேவலை என்று தோன்றிவிடும். எனக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. என் கையில் ஒரு பஸ்ஸைத்தான் கொடுத்தார்கள், அதுவும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும். அந்த அரை மணி நேரத்துக்குள் என் கூடப்பிறந்த அண்ணனின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

நான் விமானம் ஓட்டுகிறவன். (எங்கள் தெருவில் இன்னமும் 'பிளேன் டிரைவர்' என்றுதான் சொல்கிறார்கள். திருத்துவதை விட்டு வெகு காலமாகிறது.) அப்போது நான் கேப்டனாகி எட்டு மாதம். பறப்பதுதான் எங்கள் வேலை என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எங்கள் நிர்வாகத்துக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. நேரத்துக்குக் கிளம்புவதுதான் வேலை, பறப்பதெல்லாம் அதற்கப்புறம் நடக்கிற சமாச்சாரம்.

விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்த நிமிடத்தைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். தாமதம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். எரிபொருள் லாரி வந்திருக்காது. கூட்டிப் பெருக்க நாலு பேர் வர வேண்டிய இடத்தில் ஒருத்தர் வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். இவர்கள் யாரும் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இல்லை. ஆனாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் எனக்குத்தான் வரும். இதற்குப் பயந்து, ஒருமுறை கதவைச் சாத்தி, விமானத்தைக் கொஞ்ச தூரம் நகர்த்தி நிறுத்திவிட்டு, மேலே கிளம்ப அனுமதி வருகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் திட்டினார்கள். அன்றைய அட்டவணையில் எங்களுக்குப் பச்சை நிறம் போட்டுப் பாராட்டியிருந்தார்கள்.

அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்தார். அதைத் தள்ள ஆள் வரவில்லை. அவருடைய மனைவியே தள்ளிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படிக் கதவைச் சாத்துவது? காத்திருந்தேன். நாலு நிமிடம் தாமதம். மறுநாள் வந்த கடிதத்தில் காரணம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை இருந்தது: விமானி.

எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. விளக்கம் எழுதி எழுதி இரண்டு பக்கமாகிவிட்டது. அனுப்பாமல் பையில் வைத்துக்கொண்டு லீவில் ஊருக்கு வந்தேன். வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரிடமும் இதே புலம்பல்தான். அப்பா நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டார். மூன்றாம் நாள், என் வாயை அடைக்கவோ என்னவோ, "ஏலே, அம்புட்டுப் பெரிய பிளேனையே நேரத்துக்குக் கெளப்புதவன் நீ. கல்யாண பஸ்ஸ நீயே பாத்துக்க" என்றார்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில், பெண் வீட்டார் பிடித்த மண்டபத்தில். ஏழரையிலிருந்து எட்டரைக்குள் முகூர்த்தம். ஆறரைக்கு நல்ல நேரம் ஆரம்பிக்கிறது என்றார் அப்பா. நான் உடனே 'புறப்பாடு 6.30' என்று எழுதினேன். நாற்பத்திரண்டு பேரின் பெயரைத் தட்டச்சு செய்து இருக்கை எண் கொடுத்தேன். '6.25க்குக் கதவு மூடப்படும்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பும் போட்டேன். அதற்குப் பதிலாக ஒரு பெரியப்பா மட்டும் ரோஜாப்பூப் படத்துடன் காலை வணக்கம் அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை பஸ் வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்றேன். என்னை அன்று பார்த்திருந்தால் எங்கள் நிர்வாகம் அப்போதே பதவி உயர்வு கொடுத்திருக்கும். பூக்கூடையோடு வந்தவர்களைக் கூடையோடும், பேசிக்கொண்டு நின்றவர்களைப் பேச்சோடும் ஏற்றினேன். படிக்கட்டின் பக்கத்தில் தோளில் பையோடு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நின்றார். தெரிந்த முகமாக இல்லை. அம்மா வழிச் சொந்தமாக இருக்கும்.

"ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு."

"இல்ல சார், நான் வந்து…"

"எதுன்னாலும் உள்ள போயிப் பேசிக்கிடலாம்" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

ஆறு இருபத்தைந்துக்குத் தலைகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு. பட்டியலிலும் நாற்பத்திரண்டு. அந்தத் திருப்தியை என்னவென்று சொல்ல. ஓடிப்போய் வீட்டைப் பூட்டினேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கணக்குதான் சரியாக இருக்கிறதே, எதற்குக் குரல்? ஆறரைக்குச் சக்கரம் உருண்டது. முன் சீட்டில் மாப்பிள்ளைக் கோலத்தில் அண்ணன், பக்கத்தில் அம்மா, பின்னால் தெருவே இருந்தது.

பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு போன் அடித்தது. நின்றது, மறுபடி அடித்தது. "யாரு போனு அது?" என்றேன். நான் கைபிடித்து ஏற்றிய மனிதர், மடியில் ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு பாதி எழுந்தார். "சார், இந்தப் பை…"

"வண்டி ஓடும்போது எந்திரிக்கக் கூடாது. உக்காருங்க."

பாவம், உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே மண்டப வாசலில் நின்றோம். முன்கூட்டியே. நான் கடிகாரத்தை அப்பாவிடம் காட்டினேன். ஆரத்தி எடுத்தார்கள், மேளம் முழங்கியது. அம்மா மட்டும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஏய்யா, கோமதி எங்க?"

கோமதி என் அக்கா. அண்ணனுக்கு நேர் இளையவள், எனக்கு மூத்தவள். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் போட வேண்டிய நாத்தனார் அவள்தான். மச்சான் ராணுவத்தில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. தனியாளாக வந்து ஒரு மாதமாக இந்தக் கல்யாண வேலையை இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தாள்.

"எங்கயாவது பின்னால இருப்பாம்மா. நாப்பத்திரெண்டு பேரும் வந்தாச்சு" என்றேன்.

அப்போதுதான் அந்த மனிதர் பையோடு என் முன்னால் வந்து நின்றார். "சார், இந்தப் பை நான் உக்காந்த சீட்ல இருந்துச்சு. யார்ட்ட குடுக்க?"

அக்காவின் பை. அதற்குள் அக்காவின் போன். கூப்பிட்டது மச்சான், வாழ்த்துச் சொல்ல.

"நீங்க யாருங்க?" என்றேன்.

"பெருமாள்சாமி. கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல லேப்ல இருக்கேன். டெய்லி உங்க தெரு முக்குலதான் காலேஜ் பஸ் ஏறுவேன். இது கல்யாண வண்டி, என் பஸ் இல்லன்னு சொல்லத்தான் சார் வந்தேன். நீங்க விடலையே."

நாற்பத்திரண்டாவது ஆள் அவர்தான்.

அம்மா தலையில் கை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "தாலி பூஜை ரூம்ல இருக்கு. நல்ல நேரம் பொறந்த பொறவு எடுத்துட்டு வாரேன்னு பைய சீட்ல போட்டுட்டுப் போனா. ஆறரைக்கு எடுத்துட்டு வந்து ஏறுனாத்தான் வண்டி கெளம்பும்னு ஒனக்கு யாரும் சொல்லலயாய்யா?"

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத விஷயம் அது. எங்கள் ஊரில் எந்தக் கல்யாண வீட்டிலும் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆறரை என்பது மற்றவர்களுக்குத் தாலியைக் கையில் எடுக்கும் நேரம், எனக்கு மட்டும் சக்கரம் உருளும் நேரம்.

"வீட்ட யாரு பூட்டுனா?" என்றார் அப்பா.

நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன்.

அந்த நிமிடத்தில் அண்ணன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மணவறையில் ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், பெண்ணின் அப்பா ஐயரைப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் யாருக்காவது போன் போட்டுக் கதவை உடைக்கச் சொல்லலாம் என்றால், அக்கம்பக்கம் முழுவதையும் நான் நேரத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். பெண்ணின் மாமா ஒரு ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். "பெட்ரோல் இருக்கு. நானே பாத்துட்டேன், நீங்க பாக்க வேண்டாம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் பறந்தேன். வானத்தில் எவ்வளவோ முறை மேகத்துக்குள் போயிருக்கிறேன். எதிரே வந்த வைக்கோல் லாரியைத் தாண்டியபோது பயந்த அளவுக்கு அங்கெல்லாம் பயந்ததில்லை. வீட்டுக்குள் அக்கா அழுதுகொண்டிருப்பாள், மயங்கிக்கூடக் கிடப்பாள் என்று என்னென்னவோ தோன்றியது. கதவைத் திறந்தபோது மணி ஏழே முக்கால்.

அக்கா முன்னறை ஜன்னலோரம் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாலித் தட்டு, கையில் காபி டம்ளர். தொண்டை மட்டும் கட்டியிருந்தது.

"கத்திப் பாத்தேன். நாய்கூட வரல. சரி, பிளேன் போயிருச்சுன்னு காபியப் போட்டேன்" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஹெல்மெட் எங்கலே?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. (அக்கா இதை இன்றும் 'விம்மி விம்மி அழுதான்' என்று சொல்கிறாள். அவ்வளவு இல்லை. ஒரு விம்மல் இருந்திருக்கலாம்.) அவள் தட்டைப் பட்டுத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். நான் வண்டியை முறுக்கினேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

"மெதுவாப் போலே. செத்த நேரம் ஆனாலும் ஆவட்டும். நானும் தாலியும் முழுசாப் போய்ச் சேரணும்."

இத்தனை நாளாக நிர்வாகத்திடம் நான் சொல்ல நினைத்ததும் இதேதான். இரண்டு பக்கம் எழுதியும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக வரவில்லை.

எட்டே கால் தாண்டி மண்டபத்துக்குள் நுழைந்தோம். அக்கா மூச்சு வாங்காமல், நேராக மணவறை ஏறி நின்றாள். அண்ணன் ஒரு முடிச்சுப் போட்டான், அவள் இரண்டு போட்டாள். முகூர்த்தம் முடிய ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று அட்சதை போட்டேன். பாதி என் தலையிலேயே விழுந்தது.

பந்தியில் பெருமாள்சாமிக்கு முதல் வரிசையில் இலை போட்டார் அப்பா. அவரும் பால்கோவாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காலேஜுக்கு லேட்டானதற்கு என்ன சொல்வது என்று அவர் கவலைப்பட, அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அவருக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். பிறகு இன்னொரு பத்திரிகையைத் திருப்பி, எனக்கும் ஒன்று எழுதினாள்:

'புறப்பாடு: மிகச் சரியான நேரம். எண்ணிக்கை: மிகச் சரி. விட்டுப்போனவை: தாலி, நாத்தனார். காரணம்: விமானி.'

அதை அப்பா சத்தமாக வாசிக்க, அண்ணன்தான் முதலில் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது அப்போதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். கேஸ் சிலிண்டர் வரவில்லையா, காரணம் விமானி. ஐப்பசியில் மழை பெய்யவில்லையா, அதற்கும் விமானிதான். பெருமாள்சாமி குடும்பத்தோடு எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வருகிறார். பஸ் ஏறும்போது மட்டும் என்னைப் பார்த்து, "நான் ஏறலாமா சார்?" என்று கேட்பார்.

நான் எழுதிய அந்த இரண்டு பக்க விளக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நிர்வாகம் மாறவில்லை, எனக்குக் கோபமும் குறையவில்லை. போன மாதம்கூட மதுரையில், முழங்கால் வலியோடு ஒரு அம்மா படிக்கட்டில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். கீழே ஊழியர் கடிகாரத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். நான் காத்திருந்தேன். மூன்று நிமிடம். மறுநாள் வழக்கம்போல விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. காரணம் என்ற கட்டத்தை இந்தத் தடவை காலியாக விட்டிருந்தார்கள்.

நானே நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரே வார்த்தைதான்.

இரவு அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அந்தம்மா ஏறிட்டாகள்ல?" என்றாள்.

"ஏறிட்டாக."

"அப்பச் சரி" என்று போனை வைத்தாள்.