லவ் கேக்கும் சரீரப் பிணையும்

ஒரு முழு வழக்கை என் மனைவி ஓட்றிக்குத் தெரியாமல் நடத்தி முடிப்பது என்று தீர்மானித்தேன். முப்பது வருடமாக அவளுக்குத் தெரியாமல் ஒரு சோடிச் செருப்புக்கூட வாங்காதவன் நான். ஆனால் இது அவளுக்காகச் செய்யும் காரியம். ஆண்டவர் துணை நிற்பார் என்று நம்பினேன்.

நடந்தது இதுதான். நாவற்குடாவில் ஒரு தளபாடப் பட்டறையில் நானும் டஸ்டினும் றிஸானும் தச்சர்கள். டஸ்டினும் என்னைப் போலப் பறங்கியன், ஐரோப்பிய வழி வந்தவன். றிஸான் காத்தான்குடிக்காரன். புதுவருடம் கழிந்து வேலை தொடங்கிய முதல் நாள், வீட்டு மேசையில் இருந்த, நத்தாருக்கு ரவையும் கஜுவும் போட்டுச் செய்யும் லவ் கேக்கில் பெரிய பாளம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். பறங்கியர் வீடுகளில் ஒரு பெண்ணின் மானம் அவளுடைய லவ் கேக்கில்தான் இருக்கிறது. டஸ்டின் ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினான். டொக், டொக்.

"மச்சான், இத லொறிச் சில்லுக்கு அடை வைக்கலாம். ஓட்றிட்டச் சொல்லி இன்னும் நாலு செய்விச்சியெண்டா வாவிக்கு ஒரு அணையே கட்டலாம்."

அவளுடைய கேக் எவ்வளவு மிருதுவானது என்று அவனுக்குக் காட்ட விரும்பினேன். மிச்சப் பாளத்தைத் தூக்கி எறிந்தேன். அது அவன் நெற்றியில் பட்டது. மூன்று தையல்.

காயத்தோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்குள்ள பொலிசார் விசாரிப்பார்கள். விசாரித்தார்கள். பின்னேரம் என்னைக் கைது செய்து, வாக்குமூலம் எடுத்து, பொலிஸ் பிணையில் விட்டார்கள். அதாவது, பதினாறாம் திகதி காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றம் வருவேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். வராவிட்டால் பிடியாணை. கேக்கைப் பொலித்தீன் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். அறிக்கையில், "கடினமான பொருளொன்றினால் தாக்கி" என்று எழுதினார்கள்.

இதை நீதிமன்றத்தில் உரக்க வாசிப்பார்கள். ஓட்றி அதைக் கேட்டால் அவள் முகம் என்ன ஆகும்? அதை நினைக்கத்தான் என்னால் முடியவில்லை.

றிஸானைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணன், கோட்டில சரீரப் பிணை கேப்பாங்க."

"அதென்ன?"

"ஒராள் உங்களுக்காகக் கையெழுத்து வைக்கணும். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் இவரக் கொண்டு வருவன் எண்டு. நீங்க ஓடினா அவர்தான் மாட்டுவார்."

"ஆள் கிடைக்காட்டி?"

"மறியல்தான். உள்ளுக்குப் போட்டிருவாங்க."

"நீ வருவியா?"

"வாறன். கிராம சேவகர்ட வதிவிடச் சான்றிதழும் எடுத்துட்டு வாறன். பயப்பிடாதீங்க."

பயப்படாமல் பத்து நாள் நடமாடினேன்.

"நித்திரையில 'கனம் நீதவான் அவர்களே' எண்டு சொல்றீங்க" என்றாள் ஓட்றி ஒரு நாள் தேநீர் தரும்போது.

"கனவில வந்தார்."

"என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மா வாற ஆளா அவர்?"

பதினாறாம் திகதி காலை வெள்ளை நீளக்கைச் சட்டை போட்டேன்.

"எங்க போறீங்க?"

"குருக்கள்மடத்தில ஒரு வீட்டுக்கு அலுமாரி பூட்ட."

"வெள்ளைச் சேட்டோட?"

"பெரிய ஆக்கள்ட வீடு."

அவள் என் கைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

நீதிமன்றத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். அறிக்கையை வாசித்தார்கள். "கடினமான பொருள்" என்ற இடத்தில் ஒரு பொலிஸ்காரர் பையைத் தூக்கிக் காட்டினார். நீதவான் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, ஒரு சரீரப் பிணையில் செல்லலாம் என்றார்.

"பிணையாளி வந்திருக்கிறாரா?"

திரும்பிப் பார்த்தேன். றிஸான் இல்லை. வெளியே சிறைச்சாலை பஸ் நின்றது.

"வந்திருக்கிறன், ஐயா."

கடைசி வாங்கிலிருந்து ஓட்றி எழுந்து வந்தாள். கோயிலுக்குப் போடும் நீல கவுண். ஒரு கையில் அடையாள அட்டை, மறு கையில் கிராம சேவகர் சான்றிதழ்.

"சந்தேகநபர் உங்களுக்கு என்ன முறை?"

"புருசன்."

"அடுத்த தவணைக்கு இவரைக் கொண்டு வருவீர்களா?"

"இவர எங்க கொண்டு போறதெண்டாலும் நான்தான், ஐயா."

கையெழுத்து வைத்தாள். வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறினோம். சாரதி யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார்.

"றிஸான் எங்க?" என்றேன்.

"நான்தான் வேலைக்குப் போகச் சொன்னன். டஸ்டின்ட பெண்சாதி ஹெதர் அண்டைக்கே போன் எடுத்துச் சொல்லிட்டா."

"அப்ப பத்து நாளும் தெரியுமா?"

"ஓம். எனக்காக நீங்க படுற பாட்டப் பாக்க ஆசையா இருந்திச்சு." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டஸ்டின் சொன்னத மனசில வைக்காத, ஓட்றி."

"நான் ஏன் வைக்கப்போறன்? இந்த முறை என்ட கேக் கருகிப் போயிட்டு. மேசையில இருந்தது ஹெதர் குடுத்தனுப்பினது. டஸ்டின் பழிச்சது அவள்ட கேக்கத்தான் எண்டு அவளுக்குச் சொன்ன நாளிலயிருந்து அவருக்குக் கடைச் சாப்பாடு."

பத்து நாள் பாரம் சட்டென்று இறங்கியது.

"அதுதானே பாத்தன்" என்றேன். "முதல் வாயிலயே எனக்கு விளங்கிட்டு, இது உன்ட கைப்பக்குவம் இல்லை எண்டு."

"அப்பிடியா? மூண்டு துண்டு திண்டுட்டு, முப்பது வருசத்தில இப்பிடி ஒரு ருசியான கேக்க நீ செய்யல்ல எண்டு சொன்னது ஆர்?"

சாரதி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

"பிணை நிண்ட ஆள் விரும்பினா விலகலாமாம். உள்ளுக்குக் கேட்டு வச்சிருக்கன்" என்றாள் ஓட்றி, என் கையை விடாமலே. "இப்ப சொல்லுங்க. ஆர்ட கேக் நல்லம்?"

வண்டி இன்னும் நீதிமன்ற வாசலில்தான் நின்றது.

"கருகினதுதான்" என்றேன்.