சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நான் பேசி முடித்த சம்பந்தம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான், ஒரு வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒருநாள் கத்திவிட்டேன்.

2008 அல்லது 2009 இருக்கும். கீரப்பாளையத்தில் வழுக்கி விழுந்து, காலை ஒடித்துக்கொண்டு சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மகன் குமாருக்கு முப்பத்திரண்டு வயது. பார்த்த வரன் ஒன்றும் அமையவில்லை. கால்வலியைவிட அந்தக் கவலைதான் ஜாஸ்தி. வார்டு நர்ஸ் வசந்தியைப் பார்த்ததுமே, இவள்தான் மருமகள் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். (கேட்கத்தான் வாய் வரவில்லை.)

அன்று காலை அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் வந்து வசந்தியை நிறுத்தினாள்.

"வயசு? சொந்த ஊரு? என்ன படிச்சிருக்கீங்க? கல்யாணம் ஆயிடுச்சா?"

"இருபத்தாறு. திட்டக்குடி. நர்சிங். இன்னும் ஆவல."

யாரோ பெண் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள்! கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"யம்மா, அந்தப் பொண்ணக் கேக்காத! எங்க குமாருக்குப் பேசி முடிச்சாச்சு!"

பக்கத்துக் கட்டில் அக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அட்டைக்காரப் பெண் திருதிருவென்று விழித்துவிட்டு, அங்கே வந்த டாக்டரிடம் போனாள்.

"சார், உங்க வயசு? கல்யாணம் ஆயிடுச்சா?"

(தலை முழுக்க நரைத்த மனுஷனுக்கா மாப்பிள்ளை பார்க்கிறார்கள்?)

டாக்டர் சிரித்துவிட்டார். "இது காலேஜ் சர்வேம்மா. டாக்டர், நர்ஸ், பேஷண்டு எல்லாரையும் கேப்பாங்க. அடுத்து நீங்கதான்."

"உங்க வயசும்மா?" என்றாள் அவள்.

"முப்பத்திரண்டு," என்றேன். பதற்றத்தில் குமார் வயதைச் சொல்லிவிட்டேன். வார்டே சிரித்தது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

வசந்தி திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்:

"அவுரு உங்ககிட்ட சொல்லிட்டாராம்மா? உங்க கால் சரியாவட்டும், அப்புறம் சொல்றேன்னாரே!"

மஞ்சக்குப்பம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, குமார் வேளை தவறாமல் காபி கொண்டுவந்தது எனக்காக இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. (பிள்ளைக்கும் என் கூச்சம்தான்.) சரியாக அந்த நேரம் பார்த்து ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தான்.

"வாங்க மாப்ள!" என்றார் பக்கத்துக் கட்டில் அக்கா. ஃபிளாஸ்க் கீழே விழுந்து உடைந்தது.

கால் கூடியதும் கல்யாணம். லவ் மேரேஜா, அரேஞ்ச்டா என்று யாராவது கேட்டால் மருமகள் இன்றைக்கும், "ரெண்டும் இல்லீங்க, சர்வே மேரேஜ்," என்பாள்.

வருஷம், வயதெல்லாம் சரிதானா என்று யாராவது வசந்தியிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். குமாரிடம் கேட்காதீர்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவான்.